'ஸ்மோக் ஆன் த வாட்டர்': கேள்வி பதில்

டீப் பர்ப்பிள் என்ற ராக் குழுவின் இந்தப் பாடலைப் ('நீரின்மேல் புகை' என்று பொருள்) பற்றி வந்த கேள்விகளுக்கு, கிட்டார் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எல்லோருக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இதன் தொடக்க ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சிறு மெட்டை, பவர் கார்டுகளாக (ஆதார சுரம் கீழே, பஞ்சமம் மேலே) வாசிக்காதீர்கள்; பஞ்சமம் கீழே, ஆதார சுரம் மேலே வரும்படி வாசியுங்கள்.

கேள்வி: பாடலில் வரும் தீ விபத்து உண்மையாக நடந்ததா?

பதில்: நடந்தது. 1971 டிசம்பர் 4 அன்று, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள மோன்த்ரோ நகரத்துக் கேசினோவில் ஃபிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும் வாசித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தில் ஒருவர் கூரையை நோக்கி எரியொளித் துப்பாக்கியால் சுட, கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. உயிரிழப்பு இல்லை, அந்நகரின் ஜாஸ் விழாவை 1967இல் தொடங்கிய குளோட் நோப்ஸ் உள்ளே ஓடிப் பலரை வெளியேற்றினார், அவர் பெயர் பாடலிலேயே இருக்கிறது. அதே கேசினோவில் தங்கள் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்வதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியை வாடகைக்கு எடுத்து வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர், ஏரியின்மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழித்த பேஸ் கலைஞர் ரோஜர் குளோவரின் வாயில் வந்த சொற்களே பாடலின் தலைப்பாயின.

கேள்வி: கேசினோ எரிந்தபின் எங்கே பதிவு செய்தார்கள்?

பதில்: பெவிலியன் என்ற அரங்கில் இந்தப் பாடலின் அடிப்படை இசையைப் பதிவு செய்தார்கள். இரவில் சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, காவலர்கள் உள்ளே வராதபடி உதவியாளர்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, வாசிப்பு முடிந்தது. பிறகு குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலுக்கு மாறினார்கள். அங்கிருந்து ஒலிப்பதிவு வண்டிக்குச் செல்ல அறைகளையும் பால்கனிகளையும் கடக்க வேண்டியிருந்ததால், பதிவானதைக் கேட்டுப்பார்க்கப் போவதையே அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். அப்படி உருவான 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் நாம் கேட்கும் நேரடித்தன்மைக்கு அந்தச் சிரமமும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: இது போதைப்பொருளைப் பற்றிய பாடல்தானே?

பதில்: இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பவர் கார்டு வேண்டாம் என்கிறீர்கள். பவர் கார்டில் ச–ப. நீங்கள் சொல்வதில் ப–மேல் ச. இரண்டும் அதே இரு சுரங்கள்தானே, ஐயா?

பதில்: சுரங்கள் அவையே, எது கீழே நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. பவர் கார்டில் ஆதார சுரம் அடியில் இருந்து கனமாக ஒலிக்கும். குழுவின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் வாசிப்பதில் பஞ்சமம் கீழே, ஆதார சுரம் மேலே. ஆகவே மெட்டு மேலே தெளிவாக நிற்கிறது, கீழே காலியான இடத்தில் குளோவரின் பேஸ் வந்து உட்காருகிறது. ஜி சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் மெட்டு நான்கே சுரங்கள்: ச, சாதாரண காந்தாரம், இரு மத்தியமங்கள். இரண்டாம் சொற்றொடரில் பிரதி மத்தியமம் தொட்டு உடனே சுத்த மத்தியமத்துக்கு இறங்கும் அந்த ஒரு நொடியில்தான் புளூஸ் இசையின் வலி இருக்கிறது. பவர் கார்டின் முழக்கத்தில் அது அமுங்கிவிடும்.

கேள்வி (அதே வாசகர்): ஆனால் பதிவில் அடர்த்தி கேட்கிறதே! தனிக் கிட்டாரில் இரண்டு தந்திகளால் அது எப்படி வரும்?

பதில்: நல்ல கேள்வி. தனிக் கிட்டாரில் வராது. ஜான் லார்ட் தம் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியே உடைந்த ஒலியாக்கி அதே ரிஃப்பைக் கூடவே வாசிக்கிறார். பாடல் தொடங்கும்போது கவனியுங்கள்: முதலில் கிட்டார் மட்டும், பிறகு இயன் பெய்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத் தட்டு), ஆர்கன், முழு டிரம்ஸ், பேஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே இயன் கில்லன் பாடத் தொடங்குகிறார். அந்த அடர்த்தி ஐவருடையது. ஒரு கிட்டார் அதைத் தனியே சுமக்க முயல்வதுதான் பவர் கார்டில் கொண்டுபோய் விடுகிறது. 2012இல் மறைந்த லார்டுக்கு இந்த ரிஃப்பில் உரிய பங்கை நாம் கொடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

கேள்வி: கிட்டாரின் ஒலியை மாற்ற எந்தப் பெடல் வாங்கலாம்?

பதில்: அது என் துறையன்று, கடைக்குக் கிட்டாரை எடுத்துச் சென்று வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: பாடல் வெளிவந்தவுடனே வெற்றி பெற்றதா?

பதில்: ஆல்பம் வந்தது 1972இல், அமெரிக்காவில் தனிப்பாடலாக வெளியாகி பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடத்தை எட்டியது 1973இல். 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்திலுள்ள மேடைப் பதிவையும் கேளுங்கள். எனக்கு அதுவே மேலானது.

கேள்வி: ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டில் பவர் கார்டு பிடித்துத் தொடங்கினால் சரியா?

பதில்: சரியன்று, மேலே இருமுறை விளக்கியிருக்கிறேன். நான்காம், மூன்றாம் தந்திகளைச் சேர்த்து வாசியுங்கள் (எண்கள் ஃபிரெட்டைக் குறிக்கும்): திறந்தபடி, 3, 5, திறந்தபடி, 3, 6, 5, திறந்தபடி, 3, 5, 3, திறந்தபடி. பிக்கைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு தந்திகளும் ஒரே கணத்தில் ஒலிக்கும்படி விரல்களால் பறியுங்கள்.