மாமியாரின் அடக்கத்திற்காகக் கோயில் முன் விழுந்தேன், கர்த்தரை மறுதலித்துவிட்டேனா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். எனக்கு வயது 41. பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறேன். கணவர் பெங்களூரில் கம்பி கட்டும் வேலை செய்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் ஞானஸ்நானம் பெற்றோம். மாமியார் பெறவில்லை, கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவர். ஆனாலும் நான் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவதை அவர்தான் பார்த்துக்கொள்வார். என் விசுவாசத்தைப் பற்றி ஒரு சுடுசொல் சொன்னதில்லை.

முதல் ஆறு ஆண்டுகள் திருவிழாவுக்கான தலைக்கட்டு வரியை நாங்கள் கொடுத்துவந்தோம். அது கூடாது என்று எங்கள் போதகர் கண்டிப்பாகச் சொன்னதால் மூன்று ஆண்டுகளாக நிறுத்தினோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஊர்க் கட்டுப்பாடு. நல்லது கெட்டதுக்கு அழைப்பதில்லை. நிலக்கடலை பிடுங்க ஆள் வருவதில்லை. பால் ஊற்றுமிடத்தில் என் பாலைக் கடைசியாக அளந்து, தரத்தைக் காட்டும் டிகிரி குறைவு என்று எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு பேருந்தில் ஒன்றாக உட்கார்ந்துபோன தோழிகள் இப்போது தள்ளி உட்காருகிறார்கள். இதையெல்லாம் கர்த்தருக்காகப் பாடுபடுகிறோம் என்று தாங்கிக்கொண்டேன். மெய்யாகவே சந்தோஷமாகத் தாங்கினேன்.

நான்கு மாதங்களுக்கு முன் மாமியார் விடியற்காலையில் இறந்துபோனார். தம்மை மாமனாருக்குப் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். மூன்று ஆண்டு வரியும் தண்டமுமாக 11,000 ரூபாய் கட்டி, வரியை நிறுத்தக் காரணமான நான் கோயில் முன் விழுந்து எழுந்தால்தான் சுடுகாட்டுப் பாதையில் பாடையை விடுவோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து கணவர் வந்து சேர நண்பகலாகிவிட்டது. வாடகைக்கு எடுத்த ஃப்ரீசர் பெட்டி மின்தடையில் நின்றுபோயிருந்தது. மாமியாரின் முகத்தில் ஈ உட்காராமல் என் மகள் விசிறிக்கொண்டிருந்தாள். கணவர் என்னைப் பார்த்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. நான் தோட்டைக் கழற்றி அடகுக்குக் கொடுத்துவிட்டுப் போய் விழுந்தேன். திருநீறு பூசினார்கள், நான் துடைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அடக்கம் முடிந்தது.

நடந்ததைப் போதகரிடம் நானே போய்ச் சொன்னேன். கர்த்தர் என்னைச் சோதித்ததாகவும் நான் தவறிவிட்டதாகவும் சொல்லி, திருவிருந்திலிருந்தும் பெண்கள் ஐக்கியத்திலிருந்தும் என்னை நிறுத்தி வைத்துவிட்டார். கணவரோ, "அவ்வளவுதானே, விடு" என்கிறார். எனக்கு ஜெபம் வரவில்லை. இரவு மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. பேதுருவைப் போல அழக்கூட எனக்குக் கண்ணீர் வராததால், நான் யூதாஸ்தானோ என்று தோன்றுகிறது. கண்ணை மூடினால் திறக்காமலிருந்தால் நல்லது என்றும் சில நாள் நினைக்கிறேன். ஊரில் ஒரே ஒரு பெண் மட்டும், அடக்கத்தன்று இரவு, யாருக்கும் தெரியாமல் ஒரு தூக்குப் போசியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் போசியைக்கூடத் திருப்பிக் கொடுக்க எனக்கு முகமில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தருமபுரி மாவட்டம்.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு வருமுன் உங்கள் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு வேதத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகிறேன் என்று கேட்டபோது, தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நான்கு மாதங்களாகப் பின்னிரவில் தூக்கம் கலைவதும், உணவு வெறுத்துப்போவதும், அழுகைகூட வராமல் மரத்துப்போவதும், விழிக்காமலிருந்தால் நல்லது என்று தோன்றுவதும் சேர்ந்து வந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். கண்ணீர் வராததை நீங்கள் உங்கள் ஆத்துமாவின் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் நோயின் அடையாளமாகவே பார்க்கிறேன். இந்த வாரமே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் அழுத்தும் இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், எலியா சாப்பிட்ட அடையை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

இனி அந்த நண்பகலுக்கு வருவோம். உங்கள் கணவரைப் போல, அவ்வளவுதானே என்று நான் சொல்லமாட்டேன். மூன்று ஆண்டுகள் பால் காசை இழந்தும் காத்துவந்த ஒன்றை ஊர் பார்க்கக் கீழே வைத்தீர்கள். அது உங்களுக்குச் சிறிய காரியமல்ல. ஆனால் போதகர் சொன்னதுபோல, தேறவோ தவறவோ வேண்டிய தேர்வாகவும் எனக்கு அது தெரியவில்லை. தேர்வு என்றால் விடையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எழுதுபவருக்கு இருக்க வேண்டும். உங்களுக்கு முன்னாலோ, ஒரு பக்கம் உங்கள் மனச்சாட்சியையும் மறுபக்கம் ஈ மொய்க்கும் ஒரு தாயின் முகத்தையும் வைத்து, எதை விடுகிறாய் என்று கேட்டார்கள். வலுக்கட்டாயத்தின் கீழ் நடந்த ஒன்றின் முழுப் பொறுப்பையும் பாதிக்கப்பட்டவரே தலையில் ஏற்றிக்கொள்வதை ஆலோசனை அறையில் நான் அடிக்கடி பார்க்கிறேன். என் வசத்தில் எதுவுமே இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, எல்லாம் என் தவறு என்று நம்புவது மனத்துக்கு ஒருவிதத்தில் எளிதாகிவிடுகிறது.

நீங்கள் பேதுருவையும் யூதாசையும் தேடிப் போயிருக்கிறீர்கள். நான் வேறொருவரைக் காட்டுகிறேன். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தரை அன்றி வேறொரு தேவனுக்குப் பலியிடுவதில்லை என்று எலிசா தீர்க்கதரிசியிடம் சொன்ன கையோடு ஒரு விண்ணப்பமும் வைக்கிறான்: தன் எஜமான் ரிம்மோன் கோயிலில் பணியும்போது தன் கையின்மேல் சாய்வான், அப்போது தானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா தர்க்கம் செய்யவில்லை, நிபந்தனை போடவில்லை. சமாதானத்தோடே போகச் சொன்னார். இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கும் இந்தப் பகுதியை இன்றிரவு மூன்று மணிக்கு விழித்தால் வாசியுங்கள். நாகமானின் கையில் ஒரு அரசன் சாய்ந்தான். உங்கள் கையில் சாய்ந்திருந்தவர் உங்கள் மாமியார்.

திருச்சபையின் வரலாற்றிலும் உங்களுக்கு முன்னவர்கள் உண்டு. கி.பி. 250 இல் ரோமப் பேரரசன் டீசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டபோது, கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து மாண்டார்கள், பலர் பலியிட்டார்கள், இன்னும் சிலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அடக்குமுறை ஓய்ந்ததும் இவர்களை என்ன செய்வது என்ற பெரும் வழக்கு எழுந்தது. 251 இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பை எழுதாமல், ஒவ்வொருவரும் எந்த நிலையில் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்த்தார்கள். மனம் வருந்தித் திரும்பியவர்களுக்குக் கதவை அடைக்கவில்லை. அந்தக் கூட்டத்தை நடத்திய ஆயர் சிப்ரியானே டீசியஸ் காலத்தில் மறைந்திருந்தவர்தான். அதே சிப்ரியான் 258 இல் கர்த்தரை மறுதலிக்காமல் தலை கொடுத்தார். ஒருமுறை ஒளிந்துகொண்டதை வைத்து அவருடைய உண்மையை அளந்திருந்தால் கணக்குத் தப்பாகப் போயிருக்கும்.

போதகர் உங்களைத் தண்டித்தது எனக்கு வருத்தமே. திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருந்த இயேசு, தம்மை மறுதலித்த பேதுருவுக்கு முதலில் காலை உணவு கொடுத்தார், பிறகு வேலை கொடுத்தார். ஒதுங்கி இரு என்று சொல்லவில்லை. ஊர் ஒதுக்கியது போதாதென்று சபையும் ஒதுக்கினால் ஒரு பெண் எங்கே போவாள்? எனினும் அவரை எதிரியாக எண்ண வேண்டாம். கணவரோடு சேர்ந்து போய், அன்று நடந்ததை மணிக்கணக்கோடு, ஃப்ரீசர் பெட்டி நின்றது உட்பட, நிதானமாகச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொன்னபோது குற்ற அறிக்கையாக மட்டுமே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பிறகும் அவர் அசையாவிட்டால் வேறொரு சபையில் திருவிருந்து எடுப்பது கீழ்ப்படியாமை ஆகாது. வரி கொடுக்கலாமா கூடாதா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. அந்தத் தீர்மானத்தை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த முடிவை எடுத்தவர் போதகர், அதன் விலையைக் கொடுத்தவர் நீங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கடவுள் கைவிட்டார், தண்டிக்கிறார் என்று நம்புகிறவர்கள் துன்பத்தில் இன்னும் ஆழமாக இறங்குகிறார்கள் என்பதையும், கடவுள் தம்மோடு சேர்ந்து சுமக்கிறார் என்று நம்புகிறவர்கள் அதே துன்பத்தில் நிமிர்கிறார்கள் என்பதையும் அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகள் சந்தோஷமாகத் தாங்கிய நீங்கள் நான்கே மாதத்தில் நொறுங்கியதற்குக் காரணம் இதுதான் என்று கருதுகிறேன். ஊர் மாறவில்லை, உங்கள் பக்கம் நின்றவர் எதிர்ப்பக்கம் போய்விட்டார் என்று நீங்கள் நம்பத் தொடங்கியதுதான் மாறியது. ஜெபம் வராத நாட்களில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைச் சொல்லுங்கள். கூப்பிடுதலோடு தொடங்கி இருளோடு முடியும் அந்தப் பாட்டுக்கு ஆறுதலான முடிவே இல்லை, ஆனாலும் அது வேதத்தில் இருக்கிறது.

பாடுகளைச் சகிப்பதும் அநியாயத்தைக் கேட்காமல் விடுவதும் ஒன்றல்ல. பிலிப்பியில் அடிபட்டுச் சிறையிலிருந்த பவுலை இரகசியமாய் வெளியே போகச் சொன்னபோது, விசாரியாமல் அடித்தவர்களே நேரில் வந்து எங்களை வெளியே விடட்டும் என்று நின்றார். உங்கள் பாலுக்கு டிகிரி குறைவு என்றால், கருவியில் பார்த்து உங்கள் கண்முன் எழுதிய சீட்டைத் தினமும் கேட்டு வாங்கி வையுங்கள். ஒரு மாதச் சீட்டு சேர்ந்தால் அதுவே சாட்சி. விரும்பும் மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தருகிறது. பொதுக் கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதத்தின் பெயரால் தடை கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். ஆனால் மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வும் நீங்கள் தொடர்ந்து அதே ஊரில் வாழ வேண்டியதும் இருப்பதால், எப்போது கொடுப்பது என்பதை உடல் தேறிய பின் கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மகளிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். விசிறியோடு நின்ற அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்; அவளுக்குக் கோபம் யார்மேல் என்று கேளுங்கள், அது உங்கள்மேலோ கர்த்தர்மேலோ இருந்தாலும் திருத்தாமல் கேளுங்கள்.

திருவிதாங்கூரில் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக 1749 இல் சிறைப்பட்டு 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த மூன்று ஆண்டுகளும் அவருடைய மனைவி ஞானப்பூ எதைச் சமைத்தார், யாரிடம் கடன் கேட்டார் என்று நாம் பேசுவதேயில்லை. உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அந்த அம்மாள்தான்.

கடைசியாக அந்தப் போசி. களி கொண்டுவந்த பெண்ணுக்கும் ஊர்க் கட்டுப்பாடு தெரியும். பிடிபட்டால் தமக்கும் தண்டம் விழும் என்று தெரிந்தே வந்திருக்கிறார். ஆகவே பகலில் போக வேண்டாம், அவர் வந்த நேரத்திலேயே போங்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்; மாலைக் கறவையில் ஒரு படிப் பாலை எடுத்து வைத்து, அதை ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.