சிறிய நிலத்தில் இயற்கை முறையில் காய்கறி பயிரிட்டு, அதையே வருமானமாகக் கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் முதல் ஆண்டிலேயே குடும்பச் செலவு முழுவதையும் அதிலிருந்து எடுத்துவிடலாம் என்று எண்ணி, பார்க்கும் வேலையை விட்டுவிட்டு இறங்க வேண்டாம். காய்கறி விற்றுப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொத்த விளைச்சல் எவ்வளவு என்பதைவிட, அது வாரந்தோறும் விட்டுப்போகாமல் கைக்கு வருகிறதா என்பதே இத்தொழிலில் வருமானத்தைத் தீர்மானிக்கிறது.

நிலம் முழுவதும் ஒரே நாளில் கீரை விதைத்தால், ஏறத்தாழ 25 முதல் 30 நாளில் அத்தனையும் ஒன்றாக அறுவடைக்கு வந்து, விற்றது போக மிச்சம் வாடிப்போகும். அடுத்த வாரம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க ஒன்றும் இராது. ஆகவே வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விதைத்து, அவற்றுடன் 45 நாளளவில் வரும் முள்ளங்கியையும், பல வாரங்கள் தொடர்ந்து காய்க்கும் வெண்டை, கத்தரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். இன்று நுனியை வளைத்தால் பட்டென்று ஒடிகிற காய், பறிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் நாரேறி ஒடியாமல் வளையும். முற்றிய காய்கள் செடியிலேயே நின்றால் புதிய பிஞ்சுகளும் குறையும். வீட்டில் விசேஷம் என்பதெல்லாம் செடிக்குத் தெரியாது.

உரத்தைப் பொறுத்தவரை, நன்கு மக்கிய தொழுவுரத்தையே இடுங்கள். மக்காத சாணம் களை விதைகளையும் வேர்ப்புழுக்களையும் சேர்த்தே கொண்டுவரும். தொழுவுரத்திலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் விடுவிக்கும் என்பதால், ரசாயன உரத்துக்குப் பழகிய நிலத்தில் தொடக்கப் பருவங்களில் விளைச்சல் குறைவாக இருக்கக்கூடும். செலவில் பெரும்பங்கு களையெடுப்புக் கூலிக்கே போகும். பாத்திகளுக்கு வைக்கோல் மூடாக்கு இட்டால் அதில் கணிசமாக மிச்சப்படுத்தலாம். களையெடுப்பது நீங்களே என்றாலும் அந்த உழைப்புக்கும் கூலி போட்டுத்தான் விலையைக் கணக்கிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு லாபம் வருவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மொத்தச் சந்தையில் சான்றிதழ் இல்லாத இயற்கைக் காய்க்குத் தனி விலை கிடைப்பது அரிது. சான்றிதழுக்கோ, பெரும்பாலான தரநிலைகளின்படி ரசாயனம் இடாமல் பயிரிட்டு நிலத்தை இயற்கை முறைக்குக் கொண்டுவரும் மாற்றக் காலமாக 2 முதல் 3 ஆண்டுகள் வரை தேவைப்படும். கட்டணமும் பதிவேடுகளும் தனி. ஆகையால், தோட்டத்தை நேரில் வந்து பார்க்கக்கூடிய தொலைவில் உள்ள வீடுகளுக்கு நேரடியாக விற்பதே தொடக்கத்தில் ஏற்றது. அவ்வாறு வாரந்தோறும் வாங்க எத்தனை வீடுகள் உறுதியளிக்கின்றன என்று முதலில் கேட்டறிந்து, அதற்குத் தக்கபடி பாத்திகளின் எண்ணிக்கையை முடிவுசெய்யுங்கள்.