நீர்வண்ண ஓவியம் பழகினால் படம் வரைவதைத் தவிர வேறென்ன கிடைக்கும்?

நாற்பதைத் தாண்டிய பிறகு தொடங்கலாமா, அதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடங்கலாம். எனக்குக் கிடைத்த முதல் பயன், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கப் பழகியதுதான்.

நிறமித் தூளை வேல மரப் பிசினில் குழைத்ததுதான் நீர்வண்ணம். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது மீண்டும் கரையும். தாளில் தீட்டிய வானம் பாதி காய்ந்திருக்கையில் அதில் ஒரு சொட்டு நீர் விழட்டும். அது நிறமியை ஓரத்துக்குத் தள்ளி, காலிஃபிளவர் போல ஒரு கறையை விட்டுவிடும். சரிசெய்யப் போனால் இன்னும் கெடும். தாளைச் சாய்த்துப் பார்த்து, ஈரத்தின் பளபளப்பு முழுதாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் என் வானங்கள் எல்லாமே காலிஃபிளவர் தோட்டங்கள்தான். ஒருநாள் அப்படியொரு கறையைத் தொடாமல் விட்டேன். காய்ந்ததும் தூரத்து மரக்கூட்டமாக நின்றது.

நான் எதிர்பாராதது பார்வையில் வந்த மாற்றம். இதில் வெளிச்சத்துக்குப் பெரும்பாலும் வெள்ளை பூசுவதில்லை, தாளின் வெண்மையை விட்டுவைக்கிறோம். ஆகவே தூரிகையை நனைக்கும் முன்பே வெளிச்சம் விழும் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். இப்போது கண்ணாடிக் குவளையைக் கையில் எடுத்தாலும் விளிம்பின் வெள்ளைக் கீற்றைத்தான் முதலில் பார்க்கிறேன். (வீட்டில் கேலி செய்கிறார்கள்.)

தூரிகையில் சிக்கனம் பிடியுங்கள், தாளில் வேண்டாம். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளியும். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 300 கிராம்) பருத்தித் தாள் வாங்குங்கள். மூன்று வண்ணக் குழாய்கள் போதும்.