நாலாவது படிக்கிற பிள்ளைக்கு சிலிண்டர் கவலை எதற்கு?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பதினொன்று வரை ஓட்டம்தான். நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வருகிறது, அதுவும் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. போன தடவை கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை, சின்னவனுக்கு இருமல், நாலாவது படிக்கும் மகளுக்குக் கணக்கில் 58 மார்க். படுத்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. போன வாரம் மகள் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்தாள். இந்த வருஷத்தில் மூன்றாவது பாட்டில். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அழுதுகொண்டே போனவள், படுக்கும் முன் வந்து, “அம்மா, சிலிண்டர் புக் பண்ணியாச்சா?” என்று கேட்டாள். நான் நல்ல அம்மாதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. இந்தச் சின்னச் சின்னக் கவலைகளிலிருந்து எப்படி வெளியே வருவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தண்ணீரும் கரண்ட் பில்லும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த சிலிண்டர் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் கரண்ட் பில்.

இவற்றைச் சின்னக் கவலை என்று நீங்களே குறைத்துச் சொல்லிக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழே இருக்கிற யூனிட்டுகளின் கணக்கும் மாறிவிடும். பத்து யூனிட் கூடியதற்கு பில் எகிறினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இந்தக் கவலைக்கு ஒரு தேதி இருக்கிறது. ரீடிங் எடுத்துப் போனதிலிருந்து ஒரு மாதம் கழித்து மீட்டரை ஒரு தடவை பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மோட்டாரையும் கீஸரையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாண்டவில்லையா, அடுத்த மாதம் வரை அதை நினைக்கவே வேண்டாம்.

எங்கள் அம்மா மாதக் காலண்டரின் கட்டங்களில் பால் கணக்கு எழுதுவார். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம். காலண்டரோடு நூலில் கட்டின பென்சிலை நாங்கள் யாராவது எடுத்துப் போய்விட்டால்தான் வீட்டில் சத்தம் கேட்கும். மற்றபடி கேஸ் எப்போது தீரும் என்று அவர் வாய்விட்டுப் புலம்பி நான் கேட்டதில்லை. நீங்களும் வட்டம் போட்டுப் பாருங்கள். மூன்று வட்டம் விழுந்தால் 14.2 கிலோ உங்கள் வீட்டுக்கு எத்தனை நாள் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒற்றை சிலிண்டர் இணைப்பாக இருந்தால் ஏஜென்சியில் டெபாசிட் கட்டி இரண்டாவது வாங்கிவிடுங்கள். ஒரு தடவை கட்டும் பணம், இருந்தாலும் மனசுக்கு அது பெரிய தெம்பு.

ராத்திரி வரிசைகட்டி நிற்கிறவற்றுக்கும் அதே மருந்துதான். 2018-ல் அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று வந்தது. இளவயதுக்காரர்கள் 57 பேர். படுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு சாரார் இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளை எழுதினார்கள், இன்னொரு சாரார் முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்ததாம். ஒன்பது நிமிடம்தானா என்று கேட்காதீர்கள். நாலரைக்கு எழுகிறவருக்குத்தான் ஒன்பது நிமிடத்தின் அருமை தெரியும். ‘மாத்திரை’ என்று மட்டும் எழுதாமல், ‘புதன் சாயங்காலம், பஸ் ஸ்டாண்ட் மெடிக்கல், அத்தைக்கு ஒரு மாத மாத்திரை’ என்று எழுதுங்கள்.

ஒன்று கவனித்தேன், கோபிக்காதீர்கள். இவ்வளவு பெரிய கடிதத்தில் உங்கள் கணவர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறார். ஷிஃப்ட் வேலைதான், சரி. சிலிண்டரையும் கரண்ட் பில்லையும் முழுசாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். முழுசாக என்றால், ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவர் பாடு. “பண்ணிட்டீங்களா?” என்று நாலு தடவை கேட்க வேண்டியிருந்தால் வேலை இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. முதல் மாதம் அவர் மறப்பார். ஒரு நாள் கேஸ் இல்லாமல் இட்லி பார்சல் வாங்கிச் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது.

அப்புறம் மகள். திட்டு வாங்கி அழுத பிள்ளை சிலிண்டரைப் பற்றி ஏன் கேட்கிறது? அம்மாவுக்குக் கோபம் வருவது கவலையினால்தான், கவலையில் ஒன்று குறைந்தால் கோபமும் குறையும் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் 58 வாங்கின பிள்ளை போட்ட கணக்கு! கெட்டிக்காரிதான். ஆனால் அந்த வயதில் அவள் தூக்க வேண்டிய சுமை இல்லை அது. குடத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், தட்டை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வேலை கொடுக்கலாம், தப்பே இல்லை. “தண்ணி வரலேன்னா நாளைக்கு என்ன பண்றதுன்னே தெரியல” என்று அவள் காதுபடப் புலம்பாதீர்கள். மறுபடி சிலிண்டரைக் கேட்டால், “அதை அப்பா பாத்துக்குவாங்க கண்ணு” என்று சொன்னால் போதும்.

திட்டிவிட்டோமே என்று உருகுகிறீர்கள். நானும் ஒரு தடவை மகனை ஜியாமெட்ரி பாக்ஸுக்காக ஒரு மணி நேரம் காய்ச்சி எடுத்தேன். அது என் கைப்பையில் இருந்தது. அதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. திட்டினதைவிட அந்த இரண்டு நாள்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களிலிருந்து தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் பக்கத்திலிருந்து கவனித்தவர். நன்றாக இருக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒத்துப்போவதில்லை, திரும்பச் சேர்ந்துகொள்கிறார்களா என்பதுதான் முக்கியம் என்பது அவர் கண்டது. உங்கள் மகளிடம், “பாட்டிலைத் தொலைச்சது தப்புதான். அதுக்கு நான் அவ்வளவு கத்தினது என் தப்பு” என்று இரண்டையும் சொல்லுங்கள். ‘ஆனால்’ போட்டு மறுபடி பாட்டிலுக்குப் போய்விடாதீர்கள்.

அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரமாக விடாமல் தொடர்ந்தால் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள். மனநலத்துக்கென்று மத்திய அரசு நடத்தும் ‘டெலிமானஸ்’ இலவச எண், தமிழிலேயே பேசலாம். அத்தைக்கு சர்க்கரை பார்ப்பது போலத்தான் இதுவும்.

58 மார்க்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாலாவதுதானே.

நாலாவது பாட்டில் வாங்கப் போகும்போது அவளையே கூட்டிப் போங்கள். அவள் எடுக்கிற கலர் உங்களுக்குப் பிடிக்காது. வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.