வயர்லெஸ் மைக் இணைத்தும் இரைச்சல் குறையவில்லையா?
காது கேட்கும் கருவியின் சொந்த மைக்கைக் குறைத்துப் பாருங்கள். மூன்று வயர்லெஸ் மைக் இணைத்தும் கூட்டத்தில் பேச்சு புரியவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் அந்தச் சொந்த மைக்தான். வெளி மைக்கிலிருந்து தெளிவான பேச்சு வந்தாலும், கருவி தன் மைக் வழியே அறைச் சத்தத்தையும் கலந்தே தருகிறது. கருவியை இயக்கும் பல கைப்பேசிச் செயலிகளில் இரண்டு மைக்குக்கும் தனித்தனி ஒலி அளவு உண்டு.

மைக்குகள் மேசை நடுவில் இருக்கின்றனவா? அப்படியென்றால் பயன் பாதிதான். தூரம் இரட்டிப்பானால் நேரே வரும் பேச்சு சுமார் 6 டெசிபல் குறையும். சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சட்டையில் மாட்டச் சொல்லுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

ஒரு சோதனை: இரண்டு மைக்கை அணைத்துவிட்டு ஒருவரை மட்டும் பேசச் சொல்லுங்கள். சட்டென்று தெளிந்தால், திறந்திருக்கும் மற்ற மைக்குகள் இரைச்சலைச் சேர்க்கின்றன என்று பொருள். பேசாதவர் மைக் அணைந்தே இருக்கட்டும்.

காதுக்குள் செருகும் மென்மையான முனை (டோம்) துளையுள்ள திறந்த வகை என்றால் சத்தம் நேராகவே உள்ளே போகும். செயலியால் அதைத் தடுக்க முடியாது. மூடிய டோம் உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) கேளுங்கள். சொந்த மைக்கை முழுதாக அணைத்தபடி சாலையில் மட்டும் நடக்க வேண்டாம்.