இருநூறு வருடத்துக் கணக்கு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பிபிசி செய்தியாளராக இருந்த லாரா ட்ரெவெல்யன் கரீபியக் கடலிலுள்ள கிரெனடா தீவுக்குப் போய், தன் முன்னோர்கள் அங்கே அடிமைகளை வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ செய்ததற்கு இந்த அம்மா என்ன செய்வார்? வெள்ளையராகப் பிறந்தது அவர் தப்பா? இப்படி ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிறந்தது யார் தப்பும் இல்லை. லாராவும் அதற்காகக் கிரெனடா போகவில்லை. அவர் குடும்பத்தின் பழைய கணக்கு ஒன்று வெளியே வந்தது.

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோதே பிரிட்டன் 2 கோடி பவுண்டு நஷ்டஈடும் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம். அத்தனையும் முதலாளிகளுக்கு, 'சொத்து' பறிபோனதற்காக. அடிமைகளாக இருந்தவர்களுக்குச் சல்லிக்காசு கிடையாது. தொழில் பழகுபவர்கள் என்று பெயரை மாற்றி, 1838 வரை அதே தோட்டங்களில் அவர்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். எத்தனை பேரைக் காட்டி யார் எவ்வளவு வாங்கினார் என்ற பதிவேடு அப்படியே இருக்கிறது. பாதிரியார்கள், விதவைகள் பெயர்கூட உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2013இல் அதை இணையத்தில் ஏற்றினார்கள். ட்ரெவெல்யன் குடும்பம் தன் பெயரை அதில்தான் பார்த்தது. (1859இல் மதராஸ் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யனும் இந்தக் குடும்பம்தான்.)

நஷ்டஈட்டுக்காக அரசு கடன் வாங்கியது. அந்தக் கடன் வேறு வேறு கடன்பத்திரங்களாக மாறி, முழுதாக அடைந்தது எப்போது தெரியுமா? 2015இல். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1948க்குப் பிறகு கரீபியத் தீவுகளிலிருந்து லண்டனுக்குப் போய் பஸ் ஓட்டியவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கட்டிய வரியும் இதற்குப் போயிருக்கிறது. பாட்டன் பூட்டனை விலைக்கு வாங்கியவனுக்குக் கொடுத்த பணத்தைப் பேரப்பிள்ளைகள் அடைத்திருக்கிறார்கள். இதைப் போய்ப் பழங்கதை என்று எப்படிச் சொல்வது?

அப்பா விட்டுப்போன வீடு வேண்டும், அவர் வைத்த கடன் மட்டும் வேண்டாம் என்று ஒரு மகன் சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா?

வெறும் குற்ற உணர்ச்சியை நானும் பெரிதாக மதிப்பதில்லை. அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 2023 பிப்ரவரியில் லாராவும் உறவினர்கள் சிலரும், குடும்பத்தில் நூறு பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மன்னிப்புக் கடிதத்தோடு போய் அந்த மக்கள் முன்னால் நின்றார்கள். தன் ஓய்வூதியப் பணத்திலிருந்து 1 லட்சம் பவுண்டைக் கல்விக்குக் கொடுத்தார் லாரா. இதெல்லாம் போதாது என்ற பேச்சு எழுந்தது. நியாயமான பேச்சு. பாதிக்கப்பட்டவர்கள் போதாது என்று சொல்லும்போது மறுபேச்சில்லாமல் நின்று கேட்பதும் மன்னிப்பில் சேர்த்திதான். அடுத்த மாதமே அவர் பிபிசி வேலையை விட்டுவிட்டு, அடிமை முறைக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோரிக்கைக்காக உழைக்கப் போனார். நான் பாராட்டி எழுதியது அதனால்தான்.

அப்புறம், எங்கே போய் முடியும் என்று கேட்டீர்கள். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2014இல் பத்துக் கோரிக்கைகளை முன்வைத்தது. அதில் முதலாவது, அரசுகள் முறைப்படி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது. 2023 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து இதைக் கேட்டார். முடியாது என்றுவிட்டார் அன்றைய பிரதமர் ரிஷி சுனக்.