மூன்று கணினிச் சங்கங்கள், ஒரே மடல்: தொடர்ந்து கொண்டுவர என்ன வழி?

கேள்வி: கிண்ணியாவில் பழைய கணினிகளைத் திருத்திப் பழகும் சிறு சங்கம் எங்களுடையது. திருகோணமலை நகரில் சனிக்கிழமைகளில் புரோகிராமிங் பழகும் மாணவர் சங்கமும், மூதூரில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைகளோடு வேலை செய்யும் நண்பர்களும் எங்களோடு சேர்ந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பக்கச் செய்திமடல் ஒன்றை அச்சிடத் தொடங்கினோம். இரண்டு இதழ்கள் வந்தன. மூன்றாவது நான்கு மாதமாக இழுபடுகிறது. கட்டுரைகள் வாட்ஸ்அப்பில் படமாகவும், பாமினி என்ற பழைய எழுத்துருவிலும், வேர்டிலும் வருகின்றன. ஒவ்வொரு சங்கமும் தன் நிகழ்வுப் படங்களைப் போடச் சொல்கிறது. செலவைப் பிரிப்பதிலும் மனக்கசப்பு. இதை எப்படி ஒழுங்குக்குக் கொண்டுவருவது? ‘கணனி’ என்று போடுவதா, ‘கணினி’ என்று போடுவதா என்ற பேச்சிலேயே ஒரு கூட்டம் முடிந்துவிட்டது. அதற்கும் பதில் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, இரண்டு இதழைக் கொண்டுவந்தவர்களால் மூன்றாவதையும் கொண்டுவர முடியும். பெரும்பாலான மடல்கள் மூன்றாவதில்தான் தடக்கி நிற்கும். முதல் இதழ் உற்சாகத்தில் வந்துவிடும், இரண்டாவது மிச்சமிருந்த கட்டுரைகளை வைத்து வந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஒழுங்கு தேவைப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் எழுத்துருச் சிக்கலைவிட என்னை அதிகம் உறுத்தியது நிகழ்வுப் படங்கள்தான். மூன்று சங்கங்களின் அறிக்கைகளையும் சேர்த்துத் தைத்தால் அது பொது மடல் ஆகாது. மூதூரில் நடந்த கூட்டத்துக்கு யார் தலைமை தாங்கினார், யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதைக் கிண்ணியாவில் இருப்பவர் ஒருமுறை பார்ப்பார், மறுமுறை புரட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எழுதிய சங்கத்தில் இல்லாத ஒருவர், இதை வாசித்துவிட்டு எதையாவது செய்து பார்க்க முடியுமா? முடியும் என்றால் போடுங்கள். முடியாது என்றால் அது சங்கச் செய்தி. அதற்குக் கடைசிப் பக்கத்தில் சங்கத்துக்கு 60 சொல்லும் ஒரு படமும் போதும்.

உங்கள் சங்கத்திடமே எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்றால் ராம் என்ற நினைவகப் பலகையின் பொன்னிற முனைகள் கறுத்து, கணினி திரையே காட்டாமல் ‘பீப்’ அடித்துக்கொண்டிருக்கும். அதை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து உயிர்ப்பிக்கும் முறை உங்களுக்குக் கைப்பழக்கம். நகரத்து மாணவர்களுக்கு அது புதையல். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸ் போடுவது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினால் மூன்று ஊரிலும் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இது புதிய யோசனை அல்ல. 1975 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மென்லோ பார்க்கில், கோர்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் வாகனக் கொட்டகையில் 32 பேர் கூடினார்கள். ஹோம்புரூ கணினிச் சங்கம் அங்குதான் தொடங்கியது. சில நாட்களிலேயே ஃப்ரெட் மூர் என்ற உறுப்பினர் மடலைத் தொகுத்து அனுப்பத் தொடங்கினார். யார் என்ன கட்டிக்கொண்டிருக்கிறார், யாருக்கு எதில் ஆர்வம் என்பதற்கு அந்த மடலில் முக்கிய இடம் இருந்தது. பின்னாளில் ஆப்பிள், அட்டாரி, கொமடோர் கணினிச் சங்கங்கள் பெருகியபோது, ஒரு சங்கம் தன் மடலை மற்றச் சங்கங்களுக்குத் தபாலில் அனுப்பும். பெயரைக் குறிப்பிட்டால் கட்டுரையை மறுபிரசுரம் செய்யலாம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். பணமில்லாத சங்கங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டது அப்படித்தான்.

ஆகவே இரண்டாம் பக்கத்தில் ‘உண்டு – வேண்டும்’ என்று ஒரு பெட்டி போடுங்கள். கிண்ணியாவில் டிடிஆர்3 ராம் நான்கு உண்டு. மூதூருக்கு ஒரு சால்டரிங் அயன் வேண்டும். நகரத்தில் பைத்தன் நிரல்மொழி சொல்லித்தர ஒருவர் உண்டு. ராம் என்று மட்டும் எழுதாமல் வகையையும் எழுதுங்கள். மேசைக் கணினிக்கான டிடிஆர்3இல் 240 முனைகள், டிடிஆர்4இல் 288. ஒன்று மற்றதன் இடத்தில் ஏறாது. மடலில் முதலில் வாசிக்கப்படும் பகுதி இந்தப் பெட்டியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, ஆசிரியர் யார்? குழு அல்ல, ஒருவர். மூன்று பேர் சம அதிகாரத்தோடு திருத்தினால் யாருமே வெட்டமாட்டார்கள். இதழுக்கு ஒரு சங்கம் என்று ஆசிரியர் பொறுப்பு சுழலட்டும். அந்த இதழில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கடைசிச் சொல் அவருடையது; முன்பக்கத்தில் அவருடைய சங்கத்தின் பெயர் முதலில் வரும். யார் பெயர் மேலே என்ற சண்டையும் இதோடு தீர்ந்துவிடும். ஆனால் பக்கம் அமைப்பவர் சுழலக்கூடாது. வார்ப்புருவையும் எழுத்துருக்களையும் பழைய கோப்புகளையும் ஒருவரே ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவரை இருத்திப் பழக்கியும் வர வேண்டும், ஏனென்றால் பெடியன் படிக்க வெளியூர் போனால் மடலும் அவனோடு போய்விடும்.

அடுத்தது கட்டுரை வரும் வடிவம். இதில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள். எல்லாமே யூனிகோட்டில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்), வெறும் எழுத்தாக வரவேண்டும். அலங்காரம் எதுவும் வேண்டாம். பாமினியில் வருவதை எழுத்துரு மாற்றி மென்பொருளால் யூனிகோட்டுக்கு மாற்றலாம்தான், ஆனால் கணினி மடலுக்கு அது ஆபத்து. பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அதனால் மாற்றிக்கு எது தமிழ், எது உண்மையான ஆங்கிலம் என்று தெரியாது. சில வருடங்களுக்கு முன் நான் பக்கம் அமைத்த ஒரு மடலில் பைத்தன் நிரல் ஒன்று முழுவதும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறி, அப்படியே அச்சாகிவிட்டது. எழுதிய மாணவியின் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பாமினி விசைகளில் பழகியவர்கள் கையை மாற்றத் தேவையில்லை; இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலும் பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட்டில் அடிக்கலாம்.

நிரல் வரிகளைத் தனி எழுத்துக் கோப்பாகத்தான் வாங்க வேண்டும். வேர்ட் நேர் மேற்கோள் குறிகளை வளைந்த குறிகளாக மாற்றிவிடும். அதைப் பார்த்து அப்படியே அடித்தால் நிரல் ஓடாது. வாட்ஸ்அப்பில் செய்தியாக அனுப்பினால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பது தடித்த எழுத்தாகிவிடும். பைத்தனில் உள்தள்ளல் ஒரு இடைவெளி பிசகினாலும் பொருள் மாறும். அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒருவர், எழுதியவர் அல்லாத ஒருவர், பக்கத்தைப் பார்த்தே நிரலை அடித்து ஓட்டிப் பார்க்கட்டும். இந்த ஒரு வேலையை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளை உங்கள் மடலைப் பார்த்து அடித்து, அது ஓடாவிட்டால், பிழை தன்னிடம் என்றுதான் நினைக்கும்.

படங்களை வாட்ஸ்அப்பில் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காது. 8 செ.மீ. அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஏறக்குறைய 950 பிக்சல் அகலம் வேண்டும்.

பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் போதும், இலவசம். ஆனால் 1.6 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பாக இருக்கட்டும், பழைய 1.4இல் ஒகரக் கொம்புகள் இடம் மாறிப் போகும். பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளிலேயே இருக்கும் அச்சகங்களில் யூனிகோட் தமிழ் எடுபடாது. ஆகவே எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள், திறந்த கோப்பைக் கொடுக்காதீர்கள். கடைசியாக ஒரு தேடல்: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்போடு ‘ள’ அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பிறகு தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது.

எட்டுப் பக்கம் என்பது இரண்டு ஏ3 தாள், நடுவில் மடித்தது. பெட்டிகளும் படங்களும் போக, எழுத்துக்கு ஏறத்தாழ 2000 சொல்தான் மிஞ்சும், சங்கத்துக்கு 650. இதை எழுதுபவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு வராது.

செலவு விஷயம். ரிசோ என்ற பிரதியெடுக்கும் இயந்திரத்தில் அடிப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் மாஸ்டர் என்ற அச்சு மூலத்தாள் ஒன்று வெட்ட வேண்டும். 50 பிரதி என்றாலும் 300 என்றாலும் அந்தச் செலவு ஒன்றுதான். தாளும் மையும் பிரதியோடு ஏறும். எனவே மாஸ்டர் செலவை மூன்றாகப் பிரியுங்கள், தாள் செலவை அவரவர் எடுக்கும் பிரதிக் கணக்கில் பிரியுங்கள். முழுச் செலவையும் சமமாகப் பிரித்தால் 40 பிரதி எடுக்கும் மூதூர், 150 எடுக்கும் நகரத்துக்குப் பணம் கட்டியதாகிவிடும். உங்கள் மனக்கசப்பு அங்கேதான் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வெளியிடும் நாளுக்கு நான்கு வாரம் முன்பு கட்டுரை முடிவு, இரண்டு வாரம் முன்பு பக்கம் தயார், ஒரு வாரம் முன்பு அச்சகம். நோன்பு மாதத்தில் கிண்ணியா, மூதூர் நண்பர்களை மாலையில் கூப்பிடாதீர்கள். டிசம்பரில் இங்கே மழை, அச்சகங்களிலோ நாட்காட்டி வேலை. அந்த இதழை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஒரு சங்கத்தின் கட்டுரை வரவில்லை என்றால் இதழை நிறுத்தாமல், மற்ற இருவரின் பக்கத்தைக் கூட்டி வெளியிடுங்கள். அப்புறம், இதழுக்கு ஒரு தடவையாவது மூவரும் நேரில் உட்கார்ந்து தாளில் அடித்த பிரதியைத் திருத்துங்கள். முன்பு பாதையில் (மிதவைப் படகில்) ஏறிக் கடந்த நீரைத் தாண்ட 2009இலிருந்து கிண்ணியாப் பாலம் இருக்கிறதே. நேரில் கதைத்தால் பத்து நிமிடத்தில் தீருவது வாட்ஸ்அப்பில் மூன்று நாள் ஓடும்.

கட்டுரையின் உரிமை எழுதியவருக்கே. பெயர், சங்கம், இதழ் மாதம் மூன்றையும் குறிப்பிட்டு யாரும் மறுபிரசுரம் செய்யலாம் என்று எழுதியவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, அதை மடலிலும் அச்சிடுங்கள். பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரிடம் கேளுங்கள். இதழ் வந்ததும் பிடிஎஃப் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் அனுப்பிப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை அவர்கள் 2005இலிருந்து எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறார்கள்.

கடைசியாக உங்கள் ‘கணனி’க் கூட்டம். ‘கணி’ என்ற வினையிலிருந்து வருவதால் ‘கணினி’ என்று போடுங்கள். ‘தொழில்நுட்பம்’, ‘தொழினுட்பம்’, ‘தொழிநுட்பம்’ மூன்றும் உங்கள் மடலில் வந்திருக்கும். அதிலும் ஒன்றை எடுங்கள். இப்படி முப்பது நாற்பது சொல்லை ஒரு தாளில் எழுதி, பக்கம் அமைப்பவரின் மேசையில் ஒட்டுங்கள். புதுச் சொல்லில் சிக்கல் வந்தால் அந்த இதழின் ஆசிரியர் முடிவு செய்து, தாளில் ஒரு வரி சேர்க்கட்டும். அதற்காக இன்னொரு கூட்டம் வேண்டாம்.